நின்றால் உதறும் பழைய கார்கள்: ஐட்லிங் கோளாறு பற்றிய கேள்வி பதில்

சிக்னலில் நின்றதும் உதறுகிற, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைந்துபோகிற கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் மெல்ல ஓடுவதே ஐட்லிங். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தருவது கார்புரேட்டர். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 ஆகியவை எனக்குப் பழக்கமானவை. டீசல் வண்டிகளும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளும் என் எல்லைக்கு வெளியே உள்ளவை. யாராக இருந்தாலும் ஜெட்டுக்குள் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளைக்குள்) கம்பி விட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

காரைக்குடி: ஐயா, என்னுடையது 1986ஆம் ஆண்டு அம்பாசடர் பெட்ரோல். ஓட்டத்தில் குறையில்லை, நின்றால் மட்டும் வண்டியே ஆடுகிறது. மெக்கானிக் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் மாற்றமில்லை. புது கார்புரேட்டர் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஐட்லிங்கில் திராட்டில் (ஆக்ஸிலேட்டர் திறக்கும் கதவு) ஏறக்குறைய மூடியிருப்பதால் என்ஜினுக்குள் போகும் கலவை மிகக் குறைவு. எரிந்த புகையின் மிச்சமும் அதனுடன் கலந்திருப்பதால் அது தீப்பற்றுவதே கடினம். எனவே அறுபது கிலோமீட்டர் வேகத்தில் யாருக்கும் தெரியாத சின்னக் குறைகள் எல்லாம், அவை கார்புரேட்டரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிற்கும்போதுதான் வெளியே வருகின்றன.

முதலில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடியுங்கள். என்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது, காப்பிட்ட பிடியுள்ள பிளையரால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் முனை பாடியில் எர்த் ஆகும்படி வைத்துக் கவனியுங்கள். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் என்ஜின் தடுமாறி வேகம் குறையும். எதைக் கழற்றியும் மாற்றம் தெரியவில்லையோ அதுதான் சோம்பேறி சிலிண்டர். நான்கும் ஒரே அளவில் தடுமாறினால் மட்டும் கார்புரேட்டரையும் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரத்தையும்) சந்தேகிக்கலாம்.

அம்பாசடரின் 1489 சிசி என்ஜினில் ஒரு சிறப்பு உண்டு. அதன் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் வாய்கள் இருக்கின்றன. 1, 2 ஆகியவை ஒன்றையும் 3, 4 ஆகியவை மற்றொன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே 1, 2 இரண்டும் சேர்ந்து சோம்பினால், அந்தப் பக்கத்து மேனிஃபோல்டு (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) பேக்கிங்கில் காற்று இழுக்கிறது அல்லது அந்த இரண்டு சிலிண்டருக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில் ஒரே பேக்கிங்கின்மேல் உட்கார்ந்திருப்பதால், சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் அந்த நட்டுகள் காலப்போக்கில் தளர்கின்றன. கார்புரேட்டரை இருமுறை கழற்றியவர் அந்த நட்டுகளில் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

ஒரே சிலிண்டர் மட்டும் என்றால் பிளக், ஒயர், டேப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அமுக்கம்) என்ற வரிசையில் பாருங்கள். பிளக் இடைவெளி 0.64 மில்லிமீட்டர்; பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், திறந்து மூடிப் பொறியை எழுப்பும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. பாயின்ட்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் பாயின்ட் இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் அது நிற்காது. இவை எல்லாம் சரியாக இருந்த பிறகு கார்புரேட்டருக்கு வாருங்கள்.

தஞ்சாவூர்: பத்மினியில் மிக்ஸர் திருகை எத்தனை சுற்று திறந்து வைக்க வேண்டும்?

பதில்: மிக்ஸர் திருகு ஐட்லிங்குக்கான கலவையை மாற்றுவது, வேகத் திருகு ஐட்லிங் வேகத்தை மாற்றுவது. ஒன்றரைச் சுற்று என்று எல்லோரும் சொல்வார்கள். அது தொடங்கும் இடம் மட்டுமே. என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் கதவு) முழுதும் திறந்திருக்கட்டும். ஏர் ஃபில்டர் அதன் இடத்தில் இருக்கட்டும். வேகத் திருகால் ஐட்லிங்கைச் சற்றே ஏற்றிவைத்து, மிக்ஸர் திருகை என்ஜின் தடுமாறும் வரை மெல்ல உள்ளே திருப்பி, பிறகு கால் சுற்றுக்கும் குறைவாக வெளியே கொண்டுவந்துகொண்டே இருந்தால், ஓட்டம் ஏறி ஓரிடத்தில் மென்மையாகி, அதைத் தாண்டினால் பெட்ரோல் மிகுந்து கலவை கனத்துவிடும். மென்மையான அந்த இடத்தில் நிறுத்தி, வேகத் திருகால் ஐட்லிங்கைக் குறைத்து, ஒருமுறை மறுபடியும் சரிபாருங்கள். திருகை உள்ளே இறுக்கி முட்டவைக்காதீர்கள். ஊசி முனையில் வளையம் விழுந்துவிட்டால் பிறகு எந்தச் சுற்றும் வேலைக்காகாது. திருகைத் திருப்பியும் என்ஜினில் மாற்றமே இல்லையென்றால், ஐட்லிங் பாதை அடைத்திருக்கிறது அல்லது வெளியிலிருந்து காற்று வருகிறது.

சென்னை, அம்பத்தூர்: 1996 மாருதி 800. ஆக்ஸிலேட்டரில் கால் இருக்கும்வரை ஓடுகிறது, எடுத்த நொடியே அணைந்துவிடுகிறது. நேற்றுவரை நன்றாக இருந்தது.

பதில்: நேற்றுவரை நன்றாக இருந்தது என்பதே முக்கியமான தகவல். தேய்மானம் ஒரே இரவில் வராது. கார்புரேட்டரில் ஐட்லிங் பாதையை அடைக்கும் சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான்) ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பினால் திறக்கும், அணைத்தால் மூடும். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, அதன் ஒயரைக் கழற்றி மாட்டும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். அந்த ஒயரில் பொறி வரும். பெட்ரோல் வாசனை அடித்தால் அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஒலி இல்லையென்றால் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் ஒலி இல்லையென்றால் சோலினாய்டு போய்விட்டது. ஒலி வந்தால் ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கிறது. அதைக் கழற்றிக் கிளீனர் அடித்து, காற்று அழுத்தம் கொடுத்து ஊதுங்கள்.

கம்பி விடக்கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் துளையின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கம்பி உரசி 0.50 என்பது 0.55 ஆனால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதற்குப் பிறகு ‘எவ்வளவு டியூன் செய்தாலும் பெட்ரோல் வாசனை போகவில்லை’ என்ற கேள்வியோடு இங்கே வருவீர்கள்.

கோயம்புத்தூர்: எல்லாவற்றுக்கும் காரணம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். 20 சதவீதம் வந்த பிறகுதான் என் பத்மினி உதற ஆரம்பித்தது. நீங்கள் ஏன் இதைச் சொல்வதில்லை?

பதில்: எல்லாவற்றுக்கும் அது காரணமில்லை என்பதால் சொல்லவில்லை. ஆனால் அதில் உண்மையும் இருக்கிறது, எனவே பிரித்துப் பார்ப்போம். சுத்த பெட்ரோலில் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதக் கலப்பில் அது 13.5 அளவுக்கு இறங்குகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டி ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். நம் கார்புரேட்டரின் ஜெட் பழைய கணக்கிலேயே விடுவதால், கலவை காற்று மிகுந்து எட்டு சதவீதம் அளவுக்கு மெலிந்துபோகிறது. ஏற்கெனவே மெலிந்த பக்கம் டியூன் செய்திருந்த வண்டி ஐட்லிங்கில் உதறத்தான் செய்யும். ஆனால் மிக்ஸர் திருகை அரைச் சுற்றுக்குள் திறந்து சரிசெய்துவிடக்கூடிய குறை அது. திருகுக்கு அடங்காதது, ஓட்டத்தில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட். அங்கே கலவை மெலிந்திருப்பது ஐட்லிங்கில் தெரியாது, மேட்டில் இழுக்கும்போதுதான் தெரியும்.

எத்தனால் செய்யும் பெரிய தொந்தரவு வேறு. பல ஆண்டுகளாக டேங்கிலும் குழாயிலும் படிந்த பிசினை அது கரைத்து இழுத்துவந்து, மிகச் சிறிய துளையான ஐட்லிங் ஜெட்டில் சேர்க்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் ஊதவைக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும்.

சேலம்: கோவை நண்பருக்கு மறுப்பு. பிரேசிலில் பல பத்தாண்டுகளாக எத்தனாலில் கார் ஓடவில்லையா? அங்கே கார்புரேட்டர் வண்டிகளே ஓடின.

பதில்: ஓடின. 1979இல் முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 அங்கே விற்பனைக்கு வந்தது, அதிலும் கார்புரேட்டர்தான். ஆனால் அந்த எரிபொருளுக்கு ஏற்ற ஜெட்டோடும், அரிப்பைத் தாங்கும் உலோகப் பூச்சோடும் தொழிற்சாலையிலிருந்தே அது வெளிவந்தது. உங்கள் வாதம் எத்தனாலில் கார் ஓடும் என்பதை நிறுவுகிறது; எத்தனாலை எண்ணிப்பார்க்காமல் செய்த கார் அப்படியே ஓடும் என்பதை நிறுவவில்லை.

கோயம்புத்தூர் (மீண்டும்): அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

பதில்: பாதி சரி. பெட்ரோல் மாறியபோது உதறல் தொடங்கியது என்கிறீர்கள். அதே காலத்தில் உங்கள் வண்டியின் கார்புரேட்டர் அடி பேக்கிங்குக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருந்தது. சோப்பு நீரை அந்த இணைப்பில் தடவிப் பாருங்கள். ஓட்டம் மாறினால் காற்று அங்கேதான் போகிறது. பெட்ரோலையோ எரியக்கூடிய கிளீனரையோ சூடான மேனிஃபோல்டின்மேல் அடித்துச் சோதிக்காதீர்கள்.

யாழ்ப்பாணம்: ஐயா, தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கட ஊரில் மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்துபோட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அதைத் தாங்கிய கார் எத்தனாலைத் தாங்காதா? இப்ப என்ர மொறிஸ் மைனர் நிற்கும்போது திணறுகிறது.

பதில்: மண்ணெண்ணெய்க்கும் எத்தனாலுக்கும் குணம் நேரெதிர். மண்ணெண்ணெய் எரியத் தேவையான காற்றின் விகிதம் பெட்ரோலுக்கு மிக அருகில் இருப்பதால் ஜெட் அளவு பெரிய பிரச்சினையாகவில்லை. குளிரில் ஆவியாகாததுதான் அதன் சிக்கல், அதனால்தான் அந்தச் சில துளி பெட்ரோல் வேண்டியிருந்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். அமுக்க விகிதம் குறைந்த பழைய என்ஜின்கள் என்பதால் அவை அதைச் சகித்துக்கொண்டன. வேறு வழியில்லாதபோது மக்கள் கண்ட அந்த வழியை நான் மெச்சுகிறேன். ஆனால் அதை எத்தனாலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் காரில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர், அதில் தனி ஐட்லிங் ஜெட்டே இல்லை, ஒரே ஜெட்தான் எல்லா வேகத்துக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜின் சூடாக ஐட்லிங்கில் ஓடும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்ல உயர்த்துங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை கனம். உடனே அணையப் பார்த்தால் மெலிவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் உள்ள நட்டைக் கீழ்நோக்கித் திருப்பினால் கனக்கும், மேல்நோக்கித் திருப்பினால் மெலியும். ஒவ்வொரு முறையும் நட்டின் ஒரு பட்டை அளவு போதும். என்ஜின் நின்றிருக்கும்போது பிஸ்டனை உயர்த்தி விட்டால் ‘டிக்’ என்று விழ வேண்டும். ஒட்டிக்கொண்டு இறங்கினால் முதலில் அதைத் துடைத்துச் சரிசெய்யுங்கள்.

வேலூர்: அம்பாசடருக்கு மிக்ஸர் திருகு எத்தனை சுற்று?

பதில்: தஞ்சாவூர் நண்பருக்கு எழுதியதே.

திருச்சி: பத்மினி ஊரில் நன்றாக ஓடுகிறது. ஊட்டியில் ஒரு வாரம் இருந்தபோது நின்றால் திணறியது, பிளக் கருத்துவிட்டது.

பதில்: ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது என்பதால் கலவை கனத்துவிடும். இரண்டு நாள் பயணத்துக்கு எதையும் தொட வேண்டாம். நீண்ட நாள் தங்கினால் மிக்ஸர் திருகைச் சற்று மூடி, வேகத் திருகைச் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள். இறங்கியதும் இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மெலிந்த கலவையோடு சமவெளியில் ஓட்டுவது நல்லதல்ல.

நாகர்கோவில்: டீசல் அம்பாசடர் உதறுகிறது.

பதில்: அதில் கார்புரேட்டர் இல்லை. டீசல் பம்ப் பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

திருநெல்வேலி: ஜெட்டைக் கழற்றினேன். கம்பிக்குப் பதில் தையல் ஊசி விடலாமா?

பதில்: கூடாது. அம்பத்தூர் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

புதுச்சேரி: வேக்கம் கேஜ் ஒன்று கிடைத்தது. இந்த வேலைக்குப் பயன்படுமா?

பதில்: இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. என்ஜின் காற்றை இழுக்கும் உறிஞ்சு விசையை அளக்கும் மானி அது. திராட்டிலுக்குக் கீழே மேனிஃபோல்டில் இணைத்து, சூடான என்ஜினை ஐட்லிங்கில் விட்டால், கடலோர ஊர்களில் ஆரோக்கியமான என்ஜின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டி ஊசி அசையாமல் நிற்கும். சீரான இடைவெளியில் ஊசி விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. ஊசி அசையாமல், ஆனால் 15க்கும் கீழே நின்றால் டைமிங் தாமதம் அல்லது காற்றுக் கசிவு. டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்று முன்னே திருப்பியதும் ஏறினால் டைமிங், ஏறாவிட்டால் கசிவைத் தேடுங்கள். மெதுவாக மேலும் கீழும் அலைந்தால் மட்டுமே மிக்ஸரைத் தொடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பட்டறையிலும் இந்தக் கேஜை மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஈரோடு: எத்தனால் பாதிப்புக்கு டேங்கில் ஊற்றும் பாட்டில் விற்கிறார்கள். எது நல்லது?

பதில்: காற்று விகிதத்தை எந்தப் பாட்டிலும் மாற்றாது. அந்தப் பணத்தில் எத்தனால் தாங்கும் குழாயும் ஒரு பெட்ரோல் ஃபில்டரும் வாங்கிப் போடுங்கள். எத்தனால் விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

மதுரை: மாருதி 800இல் நீங்கள் சொன்ன எல்லாமே சரியாக இருக்கிறது. கேஜ் ஊசியும் அசையவில்லை. ஆனாலும் ஸ்டியரிங் நடுங்குகிறது.

பதில்: மூன்று சிலிண்டர் என்ஜின் இயல்பாகவே முன்னும் பின்னும் ஆடக்கூடியது, அந்த ஆட்டத்தை விழுங்குவது என்ஜின் மவுண்டிங் ரப்பர்தான். ஊசி நிலையாக இருப்பதால் என்ஜின் குற்றமற்றது. மவுண்டிங்கை மாற்றுங்கள். ஐட்லிங் வேகம் கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தாலும் நடுக்கம் கூடும், எனவே அதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கும்பகோணம்: பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

பதில்: போடலாம், போட்டால் ஐட்லிங் சீராகும், டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருந்தால் மட்டும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காயிலின் மின்தடை புதுக் கருவிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது சாவியைப் போட்டு விட்டுவிடாதீர்கள், சில கருவிகள் சூடேறிக் கருகிவிடும். கழற்றிய பாயின்ட் தட்டையும் கண்டென்சரையும் தூக்கி எறியாமல் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருங்கள். எலெக்ட்ரானிக் கருவி வழியில் கைவிட்டால் பழுது பார்க்க முடியாது, பழையதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.