இரண்டு ராத்திரிக்கு மாலத்தீவா?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் நான், கணவர், 6 வயது மகள் மூவரும் மாலத்தீவு போக ஆசைப்படுகிறோம். கடல்மேல் கட்டிய வில்லா, 2 இரவு. ஓர் இரவுக்கு 1,000 அமெரிக்க டாலர் போட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, தெம்பினிஸ், சிங்கப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். மாலத்தீவே வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு ராத்திரிக்கு வேண்டாம் என்கிறேன். இங்கிருந்து தலைநகர் மாலேக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். சாயங்கால விமானத்தில் போனால் இறங்கும்போது இருட்டிவிடும், அங்கிருந்து தூரத்துத் தீவுகளுக்குக் கொண்டுபோகும் கடல்விமானம் இருட்டில் பறக்காது. தூரத்துத் தீவில் அறை எடுத்தவர்கள் அன்றைக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்காவது தங்கி மறுநாள்தான் கிளம்ப முடியும், அது தனிச் செலவு. வில்லாவில் இருக்க எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அந்த 1,000 டாலரும் பெரும்பாலும் நம் ஊர் உணவகங்கள் போடுகிற 'பிளஸ் பிளஸ்' விலைதான், கட்டணமும் வரியும் மேலே சேரும். 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 17% வரி (2025 ஜூலையிலிருந்து), ஆக 1,287. பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். கடல்விமானம் போய்வர ஆளுக்குச் சில நூறு டாலர். சாப்பாடு சேர்த்தியா என்று கேட்டீர்களா? ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான், பசித்தால் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடைக்கு இறங்குவதுபோல் இறங்க முடியாது.

ஜூன் அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். தினமும் கொட்டும் என்றில்லை, ஆனால் காற்றும் அலையும் கூடிக் கடல் கலங்கும்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் மகள்தான். அந்த வில்லாக்களில் கதவைத் திறந்தால் மரத்தளம், தளத்திலிருந்து நேரே கடலுக்குள் ஏணி, பல இடங்களில் தடுப்புகூட இருக்காது. சில ரிசார்ட்டுகள் சிறு பிள்ளைகளை அங்கே அனுமதிப்பதே இல்லை. கரையோர வில்லா எடுங்கள், பெரும்பாலும் விலையும் குறைவு. நான் போனபோது கரையில்தான் தங்கினேன். விடிகாலையில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது முழங்கை நீளத்துக்கு ஒரு சுறாக்குட்டி, துடுப்பு நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பு, என் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அதைப் பார்க்கத் தனிக் காசு கொடுக்கவில்லை.

சரி, ஜூனுக்கு என்ன செய்வது? பக்கத்து இந்தோனேசியத் தீவான பிந்தானுக்குப் போங்கள். தானா மேரா படகு முனையத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம், அதன் வடகரையில் டிசம்பர், ஜனவரி வாக்கில்தான் கடல் முரண்டு பிடிக்கும். மாலத்தீவை மார்ச் விடுமுறைக்கு வையுங்கள்: வறண்ட பருவம், 5 இரவு, ஸ்பீட்போட்டிலேயே போய்விடக்கூடிய வடக்கு மாலே தீவுகளில் ஒன்று. பணம் கட்டுமுன், கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் பவளப்பாறை உயிரோடு இருக்கிறதா என்று ரிசார்ட்டுக்கு எழுதிக் கேளுங்கள், ஏனென்றால் 1998, 2016 இரண்டு முறையும் கடல் சூடாகி அங்கே பவளம் பெருமளவில் வெளுத்துப்போனது, எல்லா இடத்திலும் ஒரேமாதிரி மீளவில்லை. பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த தீவைப் பாருங்கள்.