ஓஇஎம் சரக்கு: வாங்கும் முன் கேட்க வேண்டியவை (கேள்வி பதில்)

பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் "ஓஇஎம் பீஸ் சார், விலை கம்மி" என்று கேட்டுக் குழம்பியவர்களுக்காக இன்றைய கேள்வி பதில். கேட்டவர்களை அவரவர் ஏரியா பெயரில் போட்டிருக்கிறேன். டெஸ்க்டாப், லேப்டாப், விண்டோஸ் மட்டும். போன் கேள்விகள் வேண்டாம்.

அல்சூர்: அண்ணா, ஓஇஎம்னா டூப்ளிகேட்டா? கடைக்காரர் ஒரிஜினல்ங்கிறார், ஆனா டப்பாவே இல்ல.

டூப்ளிகேட் இல்லை. கம்ப்யூட்டர் தயாரிப்பவர்களுக்கு மொத்தமாகப் போகும் சரக்கு அது. டப்பா, கேபிள், கூலர் வராது. வாங்கிப் பொருத்தி விற்பவரே வாரண்டிக்குப் பொறுப்பு. விலை குறைவதற்கு அதுதான் முக்கியக் காரணம். இன்டெல் பாக்ஸ் பிராசஸருக்கு இன்டெல்லே 3 ஆண்டு வாரண்டி தருகிறது. அதே பிராசஸர் டப்பா இல்லாமல் மொத்தச் சரக்கு ட்ரேயில் வந்திருந்தால் விற்ற கடைதான் உங்களுக்கு இன்டெல். ஹார்ட் டிஸ்க் என்றால் காசு கொடுக்கும் முன், கடையில் நின்றபடியே, சீகேட் அல்லது டபிள்யூடி வாரண்டி பக்கத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள். சிஸ்டம் தயாரிப்பாளருக்கு விற்கப்பட்டது, வாங்கிய இடத்தை அணுகவும் என்று வந்தால் ஓஇஎம். வாங்கலாம், ஆனால் பில்லில் சீரியல் நம்பரும் வாரண்டி மாதங்களும் எழுதியிருக்க வேண்டும்.

மாரத்தஹள்ளி: லேப்டாப்போட விண்டோஸ் வந்துச்சு, கீ ஸ்டிக்கர் எதுவும் இல்ல. எஸ்எஸ்டி மாத்தினா விண்டோஸ் போயிடுமா?

போகாது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, லேப்டாப்போடு வரும் விண்டோஸின் கீ மதர்போர்டு ஃபர்ம்வேரில் (போர்டிலேயே பதிந்த மென்பொருள்), எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் இருக்கிறது. எஸ்எஸ்டி, ரேம் எதை மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென்டிரைவ் தயார் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். கீயை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். ஒன்று, ஃபர்ம்வேரில் ஹோம் கீ இருந்தால் புரோ வேண்டுமா என்று கேட்காமலே ஹோம் ஏறிவிடும். புரோ கீ வைத்திருப்பவர்கள் பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய்க் கீயை மாற்ற வேண்டும். இரண்டு, இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி (எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல் வசதி) இயங்குவதால் இன்ஸ்டாலரில் டிரைவே தெரியாது. எஸ்எஸ்டி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பிரித்துப் பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும்.

எலக்ட்ரானிக் சிட்டி: என்னோட பிராண்டட் டெஸ்க்டாப்ல போர்டு போச்சு. வேற போர்டு போட்டா அதே விண்டோஸ் வருமா?

பழுதான போர்டை அதே நிறுவனத்தின் சர்வீஸில் மாற்றினால் உரிமம் தொடரும். நீங்களாக வேறு போர்டு வாங்கிப் போட்டால் அது புதுக் கம்ப்யூட்டர், புது லைசென்ஸ்.

ஒயிட்ஃபீல்டு: சும்மா பயமுறுத்தாதீங்க சார். நான் போர்டு மாத்தினேன், அக்கவுண்ட்ல லாகின் பண்ணி ட்ரபிள்ஷூட்டர் ஓட்டினேன், ஆக்டிவேட் ஆயிடுச்சு.

ஆக்டிவேட் ஆவது வேறு, உரிமம் இருப்பது வேறு. வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. அலுவலகத்தில் ஆடிட் வந்தால் பில்லைத்தான் கேட்பார்கள், திரையை அல்ல.

ஒயிட்ஃபீல்டு: ஜெர்மனியில ஓஇஎம்மைத் தனியா விக்கலாம்னு கோர்ட்டே சொல்லிடுச்சே?

2000இல் சொன்னது. கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக விற்ற ஓஇஎம் பிரதிகளைப் பற்றிய வழக்கு அது, அதுவும் ஜெர்மானியச் சட்டப்படி. போர்டில் எழுதிய கீயை உருவி இன்னொரு போர்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அதில் இல்லை. சரி, விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, எஸ்-எல்-எம்-ஜி-ஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, டி-எல்-ஐ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். எந்தச் சேனல், அதாவது எந்த வகை லைசென்ஸ் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

கே.ஆர்.புரம்: ஆன்லைன்ல 500 ரூபாய்க்கு புரோ கீ கிடைக்குதே அண்ணா?

பெரும்பாலும் ஏதோ நிறுவனம் தன் பல கம்ப்யூட்டர்களுக்காக மொத்தமாக வாங்கிய வால்யூம் கீ, அல்லது கழித்துப்போட்ட கம்ப்யூட்டரின் ஓஇஎம் கீ. மேலே சொன்ன கட்டளையில் வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று வந்தால் அந்த ஆக்டிவேஷனுக்கு ஆயுள் 180 நாள். நிறுவனத்தின் சர்வர் புதுப்பித்தால்தான் நீளும். உங்கள் வீட்டில் அந்தச் சர்வர் இல்லை.

சிவாஜிநகர்: லேப்டாப்போட ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் வந்துச்சு. அப்புறமா ஆக்டிவேட் பண்ணிக்கலாமா?

வேண்டாம். முதலில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் உங்கள் அக்கவுண்டில் சேர்த்துவிடுங்கள். தவறினால் கிடைக்காது. இதுவும் அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான்.

ஈஜிபுரா: டெல் லேப்டாப்புக்கு ஓஇஎம் சார்ஜர்னு 600 ரூபாய்க்குக் குடுத்தாங்க. லேப்டாப் ஓடுது, பேட்டரி ஏறல.

உருளைப் பின் உள்ள டெல் சார்ஜரா? நடுவிலுள்ள மெல்லிய ஊசி வழியாக லேப்டாப் சார்ஜரின் அடையாளத்தைப் படிக்கிறது. படிக்க முடியாவிட்டால் பேட்டரியை ஏற்றாது, பிராசஸர் வேகத்தையும் குறைத்துவிடும். உள்ளே அடையாளச் சிப் இல்லாத 'கம்பேட்டிபிள்' சரக்குக்கு ஓஇஎம் என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். முதலில் ஊசி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) குறியும் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் சரிபாருங்கள். எண் இல்லையென்றால் இன்றே திருப்பிக் கொடுங்கள்.

கோரமங்களா: ஓஇஎம்னா டூப்ளிகேட்தானே?

முதல் பதில்.

பனசவாடி: ஓஇஎம் போன் டிஸ்ப்ளே நல்லதா?

முதல் பத்தி.

மடிவாளா: பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி 18% மிச்சம்ங்கிறாரே கடைக்காரர்?

ஓஇஎம் பொருளுக்குக் கடைக்காரர்தான் வாரண்டி. பில் இல்லையென்றால் அந்தக் கடைக்காரரும் இல்லை. சீரியல் நம்பரை எதில் எழுதி வாங்குவீர்கள்?

ஒயிட்ஃபீல்டு: பாத்தேன் சார். ரீடெயில் சேனல்னு வருது.

7 அல்லது 8இலிருந்து இலவசமாக 10க்கு ஏறியிருந்தாலும் ரீடெயில் என்றே காட்டும். கீயைத் தனியாக வாங்கினீர்களா?

ஒயிட்ஃபீல்டு: ஆமா, டப்பாவோட வாங்கினது.

அப்படியென்றால் நீங்கள் மாற்றியது ஓஇஎம்மே அல்ல. ரீடெயில் லைசென்ஸைப் போர்டு விட்டுப் போர்டு கொண்டுபோகலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். இவ்வளவு நேரம் வாதாடியது எலக்ட்ரானிக் சிட்டிக்காரரின் விண்டோஸுக்குப் பொருந்தாது.

பெல்லந்தூர்: பழைய லெனோவா மெஷின்ல இருந்து கழட்டின ரைசன் புரோ பிராசஸர் மலிவா வருது. சாதா போர்டுல ஓடுமா?

கவனம். ஏஎம்டியின் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் வசதியால் சில மாடல்களில் பிராசஸர் அந்த நிறுவனத்தின் போர்டோடு பூட்டப்படுகிறது. உள்ளே ஃபியூஸ் எரிந்துவிடுவதால் பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்) மாற்றியும் பூட்டை எடுக்க முடியாது. வேறு போர்டில் திரையே வராது, உங்கள் போர்டுதான் கெட்டது என்று நினைப்பீர்கள். கடையிலேயே வேற்று நிறுவனப் போர்டில் போட்டு பயாஸ் திரை வரை காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடை.