மினுக்கும் நட்சத்திரத்தை வைத்துத் தூரம் அளப்பதை நம்பலாமா?

ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை வைத்துப் பக்கத்து கேலக்ஸிகளின் தூரத்தை அளக்கிறார்களாமே, அதை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாணவராக இருப்பீர்கள், வாத்தியாரிடம் கேட்டு 'பரீட்சைக்கு வராது' என்ற பதிலோடு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது. முப்பது வருஷமாகியும் ஆறவில்லை.

சேலம் அம்மாபேட்டையில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். அக்கா வீடு ஏற்காட்டில். ஒருநாள் இருட்டிய பிறகு அங்கே லேடீஸ் சீட் என்ற மலைமுனைப் பக்கம் நின்றபோது, கீழே தெரிந்த சேலம் விளக்குகளைக் காட்டி அக்கா பையன் கேட்டான்: "மாமா, இதுல எது பக்கத்துல இருக்கு?" "எத்தனை வாட்ஸுனு தெரியாம எப்படி மாப்ள சொல்றது?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, என் பழைய கேள்விக்கும் பதில் இதுதான் என்று.

ஒரே வாட்ஸ் பல்பு இரண்டில் ஒன்று கால் பங்கு வெளிச்சமாகத் தெரிந்தால், அது இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. சரி, நட்சத்திரத்தின் வாட்ஸ் எப்படித் தெரியும்? செபீட் வகை நட்சத்திரத்தில், ஒருமுறை கூடிக் குறைய எத்தனை நாள் ஆகிறதோ, அதுவே வாட்ஸைச் சொல்லிவிடும். நாள் கூடினால் வாட்ஸும் கூடுதல். இதைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டில் வேலை பார்த்த ஹென்றியட்டா லெவிட். சின்ன மெகல்லன் மேகம் என்ற பக்கத்து கேலக்ஸியிலிருந்த 25 நட்சத்திரங்களை வைத்து 1912இல் காட்டினார். மலைமேலிருந்து பார்த்தால் அம்மாபேட்டை விளக்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரம்தானே? அதுபோல அந்த மேகத்தில் பளிச்சென்று தெரிவது உண்மையிலேயே பளிச்சென்று எரிவது. அந்த அம்மா பெயரை வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

1923இல் ஹபிள் என்ற வானியலாளர் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியில் 31 நாள் செபீட் ஒன்றைப் பிடித்து, தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு என்றார். இன்றைய கணக்கு 25 லட்சம். "பார்த்தாயா, தப்பு" என்று சிலர் வருவார்கள். செபீடில் இரண்டு வகை உண்டு, நாள் ஒன்றாக இருந்தாலும் வாட்ஸ் வேறு என்பது அப்போது தெரியாது. 1952இல் பாடே என்ற வானியலாளர் அதைத் திருத்தினார். நடுவிலுள்ள தூசி வெளிச்சத்தை மங்கவைப்பதும் எனக்குத் தெரியும், அதையும் கணக்கில் கழிக்கிறார்கள். கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

நீங்களே பார்க்கலாம். புரட்டாசி மாதம் இருட்டியதும் திருவோணத்தின் மூன்று நட்சத்திரங்களைப் பிடியுங்கள். அதற்குத் தெற்கே ஈட்டா அக்விலே என்ற செபீட் இருக்கிறது. உச்சத்தில் அந்த மூன்றில் மங்கலானதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அப்புறம் நன்றாக மங்கும். மேகம் விட்ட இரவுகளில் அக்கா வீட்டு மாடியிலிருந்து நோட்டில் குறித்தேன். ஏழு நாள் சுற்று அப்படியே வந்தது.

போன வருஷம் எதிர் மேட்டில் ஒரு விடுதி வந்தது. வானத்தைப் பார்த்து நாலு ஃபிளட் லைட். விளக்கு விற்கிறவன்தான் நான், ஆனாலும் தரையைப் பார்த்துத் திருப்பி மாட்டுங்கள் என்று இரண்டு முறை போய்ச் சொல்லிவிட்டேன். கூலி வாங்காமல் நானே மாட்டித் தருவதாகவும் சொன்னேன். இன்னும் எரிகிறது.