கயிற்றை இழுப்பதற்கு முன்னால்: ஜெனரேட்டர் கேள்வி–பதில்

ஆடிப் பண்டிகைக்குப் பந்தல் போடுகிறவர்கள் குடோனிலிருந்து ஜெனரேட்டரை வெளியே எடுத்துவிட்டார்கள் என்று இந்தத் தடவை வந்த கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது. எல்லாமே ஸ்டார்ட்டிங், பெட்ரோல் தகராறுகள்தான்.

கே: ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்வது? அவசரம். (ஓமலூர்)

ப: எத்தனை கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறன் அளவு), கடைசியாக எப்போது ஓடியது, பிளக்கில் பொறி வருகிறதா, ஒன்றும் எழுதவில்லை. அவசரம் என்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இன்ஜின் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ஆயில் மட்டம் சரியா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். சுவிட்சைப் போடாமலே கயிற்றை இழுத்துவிட்டுத் தோள்பட்டை வலியோடு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் விவரத்தோடு எழுதுங்கள்.

கே: அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது. (அம்மாப்பேட்டை)

ப: டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அடுத்த தடவை நின்றதும் மூடியை ஒருமுறை திறந்து மூடிவிட்டு உடனே இழுங்கள். பிடித்துக்கொண்டால் மூடிதான் காரணம். கழுவுங்கள், அல்லது புதிது போடுங்கள். மூடியை எடுத்துவிட்டுத் துணியை அடைத்து ஓட்டும் வேலை வேண்டாம். மூடி சரியாக இருந்தால் பார்க்க வேண்டியது இக்னிஷன் காயில். சூடானதும் பொறி கொடுக்காமல் படுத்துவிடும், ஆறினால் எழுந்துகொள்ளும்.

கே: காபித் தோட்டத்தில் மருந்தடிக்கக் கொண்டுபோகிறோம். ஷெட்டில் ஓடுகிறது, தோட்டத்தில் ஓடவில்லை. (நாகலூர்)

ப: சரிவில் வைத்திருப்பீர்கள். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் ஆயில் சென்சார் பொறியை நிறுத்திவிடும். மட்டமான இடத்தில் வையுங்கள்.

கே: போன ஆடிக்கு நன்றாக ஓடிய 2.5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் இப்போது ஸ்டார்ட் ஆகவே இல்லை. புதுக் கார்புரேட்டர் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். (செவ்வாய்ப்பேட்டை)

ப: போடாதீர்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: போன ஆடி முடிந்ததும் டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை என்ன செய்தீர்கள்? அப்படியே விட்டிருப்பீர்கள். வருடம் முழுக்க நான் தொண்டை வலிக்கச் சொல்வது இதைத்தான். கட்டி வைத்தால் கெடாமல் கிடப்பதற்குப் பெட்ரோல் என்ன நெல் மூட்டையா? ஒன்றிரண்டு மாதத்திலேயே அதில் லேசான பகுதி ஆவியாகிவிடும். குளிர்ந்த இன்ஜின் சட்டென்று பிடிப்பதற்கு உதவுவதே அந்தப் பகுதிதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கியது பிசினாகக் காய்ந்து, பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகான ஜெட்டை அடைத்துவிடும். இது போதாதென்று இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் இறங்கும். டேப்புக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதான்.

டேங்கைக் காலி செய்யுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்காக நின்றால் தண்ணீர். வார்னிஷ் வாடை அடித்தால் பழைய பெட்ரோல். பிறகு ஜெட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, கம்ப்ரஸர் காற்றில் ஊதுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

ஊசியை மட்டும் உள்ளே விடாதீர்கள்! கம்பி, குண்டூசி, ஊக்கு எதுவும் கூடாது. லோடு இல்லாமல் ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பித்தளையில் இரும்பு பட்டால் துளை பெரிதாகிவிடும். அதற்குப் பிறகு கரும்புகையும் பெட்ரோல் செலவும்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் முதலில் ஊசியை விட்டுக் கெடுப்பது, அப்புறம் புதுக் கார்புரேட்டருக்குச் சீட்டு எழுதுவது என்று ஒரு பழக்கமே இருக்கிறது. ஜெட் கெட்டிருந்தால்கூட அதை மட்டும் தனியாக வாங்கிப் போடலாம். உள்ளே உப்புப் பூத்ததுபோல அரித்திருந்தால்தான் முழுசாக மாற்ற வேண்டும்.

இனிமேலாவது, வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் டேங்க் பெட்ரோலை எடுத்து பைக்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு இ.பி.யில் கரண்ட் நிறுத்தும் நாளில் கால் மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டி, மறுபடி டேப்பை மூடி நிறுத்துங்கள்.

கே: சேலத்தில் வாங்கிய ஜெனரேட்டர் மேலே வந்ததும் கரும்புகை கக்குகிறது. லோடும் இழுக்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (ஏற்காடு)

ப: இல்லை, உயரம் படுத்தும் பாடு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. மேலே காற்று அடர்த்தி குறைவு, ஜெட்டோ கீழே விட்ட அளவு பெட்ரோலையே விடுகிறது. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்றால் புகை வரும், பிளக் கரி பிடிக்கும், ஸ்டார்ட்டிங்கும் தகராறு செய்யும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மூன்று, மூன்றரை சதவீதம் சக்தி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 2.5 கே.வி.ஏ.யை இரண்டு என்று நினைத்தே லோடு கொடுங்கள். ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போட்டும் புகை நிற்கவில்லை என்றால், சர்வீஸ் சென்டரில் உயரமான இடத்துக்கான சிறிய மெயின் ஜெட் கேளுங்கள். அதே ஜெட்டோடு சேலத்துக்கு இறக்கி ஓட்டாதீர்கள், இன்ஜின் சூடாகிக் கெடும். மலையில் பனியும் ஈரமும் அதிகம், அதனால் டேங்கைப் பாதியாக வைத்துப் பூட்டாதீர்கள். மேலே செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

கே: லோடு இல்லாதபோது சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. சோக்கைப் பாதி இழுத்தால் சரியாகிறது. (கொண்டலாம்பட்டி)

ப: நல்ல கேள்வி, சோதித்தும் பார்த்திருக்கிறீர்கள். சோக் காற்றைக் குறைக்கும்; அதனால் சரியாகிறது என்றால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம். பைலட் ஜெட் அடைப்பு, இல்லாவிட்டால் கார்புரேட்டர் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. ஊசி வேண்டாம்.

கே: பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கலாமா? (ஆத்தூர்)

ப: கூடாது.

கே: இழுத்து இழுத்து பிளக் முழுக்க பெட்ரோலில் நனைந்துவிட்டது. (வாழப்பாடி)

ப: சோக்கை மூடியே வைத்து இழுத்திருக்கிறீர்கள். டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். இன்ஜின் சுவிட்சை ஆஃப் செய்து, பிளக் இல்லாமலே நாலைந்து தடவை இழுத்து உள்ளே இருக்கும் பெட்ரோலை வெளியேற்றுங்கள். பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கட்டும். மாட்டிய பிறகு சோக் இல்லாமல் இழுங்கள்.

கே: மழைக்கு நனையாமல் மாடிப்படிக்குக் கீழே வைத்து ஓட்டுகிறேன். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் மூச்சு முட்டுகிறது. (மேட்டூர்)

ப: தன் புகையைத் தானே இழுத்தால் முட்டாமல் என்ன செய்யும்? இன்ஜினுக்கு முன்னால் உங்களுக்கு முட்டாமல் இருந்ததே பெரிது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கதவு, ஜன்னலிலிருந்து இருபது அடியாவது தள்ளி, மேலே மட்டும் கூரை போட்டு நாலு பக்கமும் திறந்த இடத்தில் வையுங்கள். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரை வீட்டு பாயிண்ட்டில் சொருகி ஓட்டுகிறவராகவும் நீங்கள் இருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம். அப்படியானால் இன்றே நிறுத்துங்கள். தெருவில் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அந்தக் கரண்ட் போய்ச் சேரும். இ.பி. கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்று சேராமல் மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல் வீட்டு லைனில் கொடுக்கவே கூடாது.

கே: பைக் ஆயிலையே ஊற்றலாமா? (தாரமங்கலம்)

ப: 4 ஸ்ட்ரோக் என்றால் 10டபிள்யூ–30 ஊற்றலாம், 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 2 ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலக்க வேண்டும். உங்களுடையது எது என்று எழுதவில்லை.