பெரிய சிமுலேஷனை ஓடவிட்டுக்கொண்டே அதே கொம்பியூட்டரில் வரையவும் முடியுமா?

கேள்வி: ஃப்ரீகேட் என்ற இலவச வரைதல் மென்பொருளில் வரைந்து, பாகம் சுமையைத் தாங்குமா என்று பார்க்கும் சிமுலேஷனையும் அதற்குள்ளேயே ஓடவிடுகிறேன். ரேம் 16 ஜிபி. ஓடத் தொடங்கியதும் திரை உறைந்துவிடுகிறது, வேறு வேலை பார்க்க முடியவில்லை, இடையில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பின்னணியில் ஓடவிட வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதை வரைதல் மென்பொருளுக்குள் தேடாதீர்கள், கணக்கை வெளியே எடுத்துவிடுங்கள். நான் திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் ஒரு இரும்பு வேலைப் பட்டறைக்கு வரைகிறவன். தண்ணீர்த் தாங்கிக்கான கால்கள், இறங்குதுறைக்குப் பொருத்தும் தாங்கிகள், படகு தூக்கும் இரும்புக் கைகள், இப்படியான வேலைகள்தான். தனியாக சேர்வர் வாங்கி வைக்கிற வசதி எங்களுக்கு இல்லை, வரைகிற கொம்பியூட்டரே கணக்கும் போட வேண்டும். உங்கள் நிலைமையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ரன் பட்டனை அழுத்தும்போது கணக்குப் போடுவது ஃப்ரீகேட் இல்லை. அது உங்கள் மெஷ் (பாகத்தைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்த வலை), சுமை, பிடிப்பு (அசையாமல் பிடித்திருக்கும் இடங்கள்) எல்லாவற்றையும் ஐஎன்பி என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதி கல்குலிக்ஸ் என்ற தனி நிரலிடம் கொடுத்துவிடுகிறது. ஜெர்மனியில் எம்டியு விமான எஞ்சின் நிறுவனத்தில் வேலை செய்த கீடோ டோண்ட், கிளவுஸ் விட்டிக் இரண்டு பேரும் எழுதி இலவசமாக வெளியிட்ட நிரல் அது. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் அவர்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கணக்கு முடிந்ததும் விடை எஃப்ஆர்டி என்ற கோப்பில் வந்து விழும், ஃப்ரீகேட் அதை வாசித்து நிறம் நிறமாகக் காட்டும். அந்த எழுதுதலுக்கும் வாசித்தலுக்கும் நடுவில் உள்ள மணித்தியாலங்களில் ஃப்ரீகேட் தேவையே இல்லை.

அப்ப என்ன செய்வது? ஃப்ரீகேட்டில் சோல்வரை (கணக்குப் போடும் நிரலுக்கான உறுப்பை) இரட்டைக் கிளிக் செய்தால் ஐஎன்பி கோப்பை மட்டும் எழுதுகிற பட்டன் இருக்கும், அதோடு நிறுத்திவிடுங்கள். கோப்பைத் தற்காலிக ஃபோல்டரில் விடாமல் வேலைக்கென்று ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, கட்டளைத் திரையைத் திறந்து சிசிஎக்ஸ் (ccx) என்று அடித்து கோப்பின் பெயரை, கடைசியில் உள்ள ஐஎன்பி இல்லாமல், கொடுங்கள். அவ்வளவுதான். இனி ஃப்ரீகேட் உறைந்தாலும் சரி, நீங்களே மூடினாலும் சரி, கணக்கு தன் பாட்டில் ஓடும். லினக்ஸ் என்றால் முன்னால் நோஹப், நைஸ் என்ற கட்டளைகள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டளைத் திரையை மூடினாலும் நிற்காது, மற்ற வேலைகளுக்கும் வழிவிடும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்துக்குப் போய் அந்த நிரலின் முன்னுரிமையை வழமைக்கு ஒரு படி கீழே இறக்குங்கள். வீட்டுக்குப் போகும்போது திரையைப் பூட்டினால் போதும், சைன் அவுட் செய்தால் நிரல் செத்துவிடும். தூக்க நிலையை நிறுத்தி வைப்பதையும், அப்டேட்டை அந்த இரவுக்கு ஒத்திவைப்பதையும் மறக்க வேண்டாம்.

கோர்களைப் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளை) பொறுத்தவரை, எத்தனை எடுக்கலாம் என்பதை ஓஎம்பி நம் த்ரெட்ஸ் (OMP_NUM_THREADS) என்ற மாறியில் முன்கூட்டியே கொடுக்கலாம். எட்டு கோர் இருந்தால் ஆறு கொடுங்கள். வரைகிற வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது, அதற்கு இரண்டு தாராளம். விண்டோஸ் பதினாறு என்று காட்டுகிறதே என்று பதினாறையும் கொடுப்பதில் பயனில்லை. அதில் பாதி உண்மையான கோர் இல்லை, அதோடு இந்தக் கணக்குகள் பெரும்பாலும் ரேமிலிருந்து எண்கள் வந்து சேரும் வேகத்துக்காகத்தான் காத்துக்கிடக்கின்றன.

ஆனால் உங்கள் திரை உறைவதற்கு கோர் காரணமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. 16 ஜிபி என்று படித்ததும் எனக்குத் தோன்றியது ரேம்தான். கல்குலிக்ஸ் வழக்கமாக நேரடி முறையில், அதாவது எல்லாவற்றையும் ஒரேயடியாக ரேமில் வைத்து, சமன்பாடுகளைத் தீர்க்கிறது, அந்த முறை ரேமை விழுங்கும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் வட்டில் எழுதி எழுதி வாசிக்கத் தொடங்கும், அப்ப மவுஸ்கூட அசையாது, அரை மணித்தியாலத்தில் முடிய வேண்டியது விடிய விடிய ஓடும். முன்னுரிமையைக் குறைத்தோ கோரைக் குறைத்தோ இதைச் சரிசெய்ய முடியாது. மாடலைத்தான் சிறிதாக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு கணக்கைக் கவனியுங்கள். மெஷ் அளவை 10 மில்லிமீட்டரிலிருந்து 5 ஆக்கினால் முப்பரிமாணத்தில் துண்டுகள் 8 மடங்காகும். நேரடி முறையில் பெரிய திண்ம மாடலுக்கு நேரம் ஏறத்தாழ அந்த எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்கிறது, அதாவது 64 மடங்கு. ரேம் ஏறத்தாழ 16 மடங்கு. எல்லா இடத்திலும் பாதியாக்குவது எவ்வளவு பெரிய செலவு என்று பாருங்கள்! எங்கள் படகு தூக்கும் கையில் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் அடித்தகடும் கையும் சேரும் வெல்டிங் மூலை மட்டும்தான், அங்கே மட்டும் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் பெரிதாகவும் போட்டால் போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சுமையும் நடுவில் என்றால் பாதியை வெட்டிவிடுங்கள். போல்ட் மரைகள், பெயர்ப்பலகைத் துளைகள், விளிம்பு வளைவுகள் இவற்றை கணக்குக்கென்று எடுத்த பிரதியிலிருந்து நீக்குங்கள். இதைச் செய்தபின் இரவு முழுக்க ஓடும் என்று பயந்த கணக்கு ஒரு பிளேன்டி குடித்து வருவதற்குள் முடிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் கண்ணில், பின்னணியில் ஓடவிடுவது பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இவ்வளவு குறைத்தும் நீளமாக ஓடுபவை உண்டு. இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தொட்டு அழுத்துவது, இரும்பு நெகிழ்ந்து நிரந்தரமாக வளைவது, இவை சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் தீர்க்கப்படும். இவை ஓடும்போது கல்குலிக்ஸ் எஸ்டிஏ என்ற சின்னக் கோப்பை எழுதிக்கொண்டே போகும், அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் எந்தப் படி, எத்தனையாவது ஏற்றம், எத்தனையாவது முயற்சி, எத்தனை சுற்று, மொத்தத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இந்த ஏற்றத்தின் அளவு என்ன என்று இருக்கும். முயற்சி என்ற இடத்தில் 1 தொடர்ந்து வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அது 2, 3 என்று ஏறி, வரியின் கடைசியில் உள்ள எண் 0.1, 0.025, 0.006 என்று சுருங்கிக்கொண்டே போனால் கணக்கு எங்கோ சிக்கியிருக்கிறது, விடியும் வரை விட்டாலும் முடியாது. அப்பவே நிறுத்தி, தொடுகை வைத்த இடத்தையும் பிடிப்பையும் பாருங்கள்.

கரண்ட் விசயத்துக்கு வருவோம். இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க ஒரே நேரத்தில் போனது. சின்ன யுபிஎஸ் தருவது சில நிமிடம், அதை நம்பி இரவுக் கணக்கைத் தொடங்க முடியாது. நம்ப வேண்டியது இடையில் சேமிப்பதை. கல்குலிக்ஸில் ரீஸ்டார்ட் ரைட் என்று ஒரு வரி சேர்த்தால் ஒரு படி முடிந்ததும் நிலையை ஆர்அவுட் என்ற கோப்பில் எழுதும். அதை ஆர்இன் என்று பெயர் மாற்றி, புதிய ஐஎன்பியில் ரீஸ்டார்ட் ரீட் கொடுத்தால் அங்கிருந்து தொடரலாம். கவனிக்க வேண்டியது, சேமிப்பது படியின் முடிவில்தான். அதனால் முழுச் சுமையையும் ஒரே படியில் வைக்காமல் நான்கைந்து படிகளாகப் பிரியுங்கள். ஓப்பன்ஃபோம் என்ற நிரலில் நீரோட்டக் கணக்கு என்றால் இன்னும் சுலபம். எத்தனை இடைவெளிக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்று கொன்ட்ரோல்டிக்ட் என்ற அமைப்புக் கோப்பில் கொடுத்து, கடைசி நேரத்திலிருந்து தொடங்கு என்று வைத்தால் சரி. தொடுகையோ நிரந்தர வளைவோ இல்லாத வெறும் நேர்கோட்டு நிலைக் கணக்குக்கு மட்டும் இடைச் சேமிப்பு என்று ஒன்றில்லை, அது ஒரே மூச்சில் தீர்க்கப்படுவது, அதைச் சுருக்குவது மட்டுமே வழி.

அப்புறம் சூடு. சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஏசி இல்லாத அறையில் பகலில் நீண்ட கணக்கு ஓடவிட்டால், சிப் 100 பாகையை நெருங்கியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், லப்டொப்பில் இது இன்னும் மோசம். இரவில் ஓடவிடுங்கள், அடிப்பக்கம் காற்று போக உயர்த்தி வையுங்கள். கடற்கரைக்கு அருகில் இருந்தால் விசிறியைத் திறந்து அடிக்கடி துப்புரவு செய்யுங்கள், உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து சூட்டை வெளியேற்றும் தகடுகளில் அப்படியே ஒட்டிவிடும்.

உங்கள் மாடலில் தொடுகை இருக்கிறதா, எத்தனை நோட் (மெஷ் துண்டுகள் சந்திக்கும் புள்ளி) வருகிறது, ஓடும்போது டாஸ்க் மேனேஜர் எவ்வளவு ரேம் காட்டுகிறது என்பதையும் எஸ்டிஏ கோப்பின் கடைசிச் சில வரிகளையும் கீழே போடுங்கள், எங்கே குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.