சதுரங்கப் பலகை நெல்லும் 641-உம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையை என் மகனுக்குச் சொன்னேன். 64 கட்டத்துக்கும் சேர்த்து 18446744073709551615 என்று எழுதியும் காட்டினேன். “பெரிசுதான், அதுல வேற என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டான். ஐந்தால் வகுபடும் என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

பையன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். அளவை முதலில் முடித்துவிடுவோம். ஒரு நெல்மணி 25 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 46,000 கோடி டன். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் என்று இரண்டு போகமும் எத்தனை தலைமுறை விளைந்தாலும் காணாது. உலகம் முழுக்க இன்று விளைகிற கணக்கிலேயே ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகும்.

சரி, உள்ளே போவோம். இந்த எண் 2⁶⁴-ஐவிட ஒன்று குறைவு. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கூட்டல், கழித்தல் இரண்டின் பெருக்கலாக எழுதப் பள்ளியில் படிக்கிறோமே, அதை இங்கே போடலாம்: (2³² + 1) × (2³² − 1). பின்னதை மறுபடியும் பிளக்கலாம். பிளந்துகொண்டே போனால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு எண்கள் கிடைக்கும். 3-ஐயும் 5-ஐயும் பெருக்கி 2 கூட்டினால் 17. அந்த மூன்றையும் பெருக்கி 2 கூட்டினால் 257. கடைசி வரை இப்படியே வரும், பையனைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் ஐந்தும் பகா எண்கள். இப்படியே நீட்டிக்கொண்டு போனால் இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பெர்மா என்ற கணித அறிஞர் நம்பினார். ஆறாவதிலேயே அது உடைந்தது. 4294967297 = 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித அறிஞர் காட்டினார். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று பிற்பாடு அவரே நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் அகப்பட்டுவிடும்!

வகுக்காமலே 641-ஐப் பிடிக்கவும் வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641 தான் 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாவது வடிவத்தின்படி 5⁴-உம் −2⁴-உம் ஒன்றுதான், மாற்றிப் போடுங்கள்: −2³² என்பது 1. ஆக 2³² + 1-இல் மீதியே இல்லை. பேனாவை எடுத்து ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும்.

6700417-உம் பகா எண்தான். ஆக உங்கள் நெல் கணக்கு ஏழு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஏழில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், அதனால் அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் சரியாக 2⁷, அதாவது 128.

அந்த வரிசையில் 65537-க்குப் பிறகு வேறு பகா எண் உண்டா என்று பையன் அடுத்துக் கேட்பான். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை.