42,000 ரூபாய்க்குக் கருவிகள் வாங்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில், அப்பா 2001-ல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். என் சம்பளம் மாதம் 46,000 ரூபாய். பிளம்பர், எலக்ட்ரீஷியன், மெக்கானிக் என்று போன ஆண்டு கூலி மட்டும் 17,000 ரூபாய் ஆகிவிட்டது. அதில் போர்வெல் மோட்டாரைத் தூக்கி மாட்ட 6,500, ஏசி கேஸ் வேலைக்கு 3,000. இனி எல்லாவற்றையும் நானே செய்துகொள்ளலாம் என்று ஹேமர் டிரில், ஆங்கிள் கிரைண்டர், பிரஷர் வாஷர் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய்க்கு இ.எம்.ஐ.யில் வாங்க நினைக்கிறேன். மொட்டைமாடிக் கசிவுக்கும் கொத்தனார் 38,000 கேட்கிறார். அதில் கூலி 16,000. மனைவி வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டு வேலையை நாமே செய்வது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த 42,000 ரூபாயில் உங்கள் மனைவி பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

உங்கள் 17,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். போர்வெல் மோட்டாரைத் தனி ஆளாக வெளியே எடுக்க முடியாது. ஏசி கேஸ் வேலைக்குப் பயிற்சியும் அதற்கான கருவியும் வேண்டும். இந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் 7,500. அது முழுவதையும் நீங்களே செய்தாலும், போட்ட 42,000 திரும்பி வர ஐந்தரை ஆண்டு ஆகும். 'நோ காஸ்ட்' இ.எம்.ஐ. என்று சொல்வார்கள். அதிலும் பெரும்பாலும் பிராசஸிங் கட்டணம் உண்டு, கிரெடிட் கார்டில் என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு.

அந்த 7,500 ரூபாய் வேலைக்கு என்ன கருவி தேவை? டெஸ்டர், மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்பேனர், டெஃப்லான் டேப். 3,000 ரூபாய்க்குள் முடியும். ஐந்து மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். ஹேமர் டிரில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு கருவியை மூன்றாவது முறை வாடகைக்கு எடுக்கும் நிலை வந்தால் அப்போது வாங்குங்கள், அதுவும் கைக்காசு கொடுத்து.

சீலிங் ஃபேன் மெதுவாக ஓடுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவில், பொதுவாக 2.5 மைக்ரோ ஃபாரட், வாங்கி மாட்டுங்கள். ஃபேன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்காதீர்கள். மெயினையே இறக்குங்கள். கிரைண்டர் பெல்ட், மிக்ஸி கப்ளர், குழாய் வாஷர் எல்லாம் இதே வகைதான். வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இன்லெட் வலையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு அதை அடைத்துவிடும்.

சுவருக்குள் ஓடும் வயரிங், கேஸ் இணைப்பு, மைக்ரோவேவ், இவற்றைத் தொடவே வேண்டாம். மைக்ரோவேவ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சரில் உயிரை எடுக்கும் மின்சாரம் நிற்கும். 500 ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்க அந்த ஆபத்து வேண்டாம். வாரண்டியில் இருக்கும் பொருளையும் திறக்காதீர்கள்.

அப்புறம் மொட்டைமாடி. ஒரு வேலையை நாமே செய்வதா என்று முடிவெடுக்க, கூலி எவ்வளவு மிச்சம் என்பதோடு, சொதப்பினால் எவ்வளவு போகும் என்பதையும் பார்க்க வேண்டும். குழாய் வாஷர் சரியாக உட்காராவிட்டால் பத்து ரூபாய் நஷ்டம். வாட்டர்புரூஃப் பூச்சு உரிந்தால் 22,000 ரூபாய் பொருளும் போய், அதைச் சுரண்டும் கூலியும் சேரும். எங்கள் வீட்டில் பாசியைச் சரியாக எடுக்காமல் பூசி, அடுத்த மழைக்கே தோல் தோலாக உரிந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் பாதிக்கு மேல் தரையைத் தயார்செய்வதுதான்.

அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாசி சுரண்டுவது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவது உங்கள் பங்கு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும், லீவு போட வேண்டாம். விரிசல் அடைப்பதும், தண்ணீர் தேங்கும் இடத்தில் வாட்டம் சரிசெய்வதும் கொத்தனார் பங்கு. நன்றாகக் காய்ந்த பிறகு வாட்டர்புரூஃப் பூச்சை இரண்டு கோட்டாகக் குறுக்கும் நெடுக்குமாக நீங்களே அடியுங்கள். கூலியை இப்படிப் பிரித்துப் பேசுங்கள். ஓரளவு கட்டாயம் குறையும்.

இ.எம்.ஐ. கட்ட நினைத்த பணத்தில் மாதம் 1,700 ரூபாயை வீட்டுப் பராமரிப்புக்கென்று தனி ஆர்.டி.யில் போடுங்கள். மனை விலையை விட்டுவிட்டு, கட்டடத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. 20 லட்சம் பெறும் கட்டடம் என்றால் இந்தத் தொகை வரும். பில்களையும் பத்திரப்படுத்துங்கள். கூடுதல் அறை கட்டுவது போன்ற மேம்பாட்டுச் செலவை, பின்னால் வீட்டை விற்கும்போது வரி போடும் மூலதன ஆதாயத்தில், அதாவது விற்ற லாபத்தில், கழிக்கலாம். பெயிண்ட், சில்லறை ரிப்பேர் செலவுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

உங்கள் ஊருக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அது அக்டோபரில் தொடங்கிவிடும். செப்டம்பர் நடுவுக்குள் இரண்டாவது கோட்டும் காய்ந்திருக்கும்படி நாள் பார்த்துக் கொத்தனாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.